மீனை விட்ட நேர்த்தி

மகளுக்குக் கலியாணமாகி ஆறாம் மாதம் நான் மீனை விட்டேன். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கும்வரை மீன், இறால், நண்டு எதையும் வாயில் வைப்பதில்லை என்று அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி நேர்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டில் நான் யாரைக் கேட்க வேண்டும்?

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது. என் மருமகன் வாவியில் வலை வீசுகிறவர். மாமியோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆனால் மாமிக்கென்று நல்ல இறாலாகப் பொறுக்கி அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். அதைக் குழம்பு வைத்து அவர்களுக்குப் போட்டுவிட்டு நான் பருப்பும் சோறும் தின்றேன். இப்படி நாலு மாதம்.

ஒருநாள் புதுக் கலியாணம் செய்தவர்களைப் பார்க்க மருத்துவிச்சி, எங்கள் மிட்வைப் மிஸ், வந்தார். மகள் வெறும் மாத்திரை அட்டையைக் காட்டி, "மிஸ், குளிசை முடிஞ்சு போச்சு" என்றாள்.

"என்ன குளிசை?" என்றேன்.

"பிள்ளை தங்காம இரிக்க" என்றார் மிஸ், கத்தரிக்காய் விலை சொல்வதுபோல.

"ரீச்சர் படிப்பு முடிய இன்னும் ஒண்டரை வருசம் இரிக்கும்மா. கலியாணத்துக்கு முதலே நானும் அவரும் பேசி வெச்சதுதான்" என்றாள் மகள்.

"முதலேயா? நானும் உன்ட அப்பாவும் கலியாணத்துக்குப் பிறகும் அதைப் பேசல்ல. ஏழு பெத்தம்."

"அதுதான்" என்றாள்.

வேறு வழியில்லாமல் நேர்த்தியைச் சொன்னேன். மிஸ் பதிவுக் கொப்பிக்குள் குனிந்துகொண்டார். வாசலில் இருந்த மருமகன் முதன்முறையாக என் காது கேட்க, சுவரைப் பார்த்து, "மாமிக்கு இறால் பிடிக்கல்லையோ எண்டு நினைச்சன்" என்றார்.

கோயில் பூசாரியிடம் போனேன். நேர்த்தியை இடையில் முறிக்கக் கூடாது என்றார்.

"அவள் குளிசை போடுறாளே ஐயா."

"அப்ப அம்மனும் ஒண்டரை வருசம் பாத்துக்கொண்டு இரிக்க வேண்டியதுதான்."

அடுத்த கிழமை மகள் மூன்று நாள் பயிற்சிக்கு டவுனுக்குப் போனாள். போன பிறகு பார்த்தால், குளிசை அட்டை மேசையில் கிடக்கிறது. அதை அடுப்பில் போட்டால் மீன் சாப்பிடலாம், பேரப்பிள்ளையும் வரும். கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிவரை போனேன். என்னை ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறித்ததே, அடுத்தடுத்துப் பிறந்த தம்பிமாரைத் தூக்கி வைத்திருக்கத்தான்.

அட்டையை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று மகளைப் பார்த்து, "மனே, குளிசையை விட்டுட்டு வந்திட்டாய்" என்றேன். முப்பது பெட்டைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, மெதுவாப் பேசுங்க!"

"தண்ணி எடுத்துப் போடு. நான் பாத்துட்டுத்தான் போவன்."