உள்பக்கத் தாழ்ப்பாள்

குளியலறையை அலங்கரிப்பது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, தண்ணீர் வராத நாட்களுக்காக மூலையில் ஒரு நீல டிரம்மை வைத்துவிட்டால் குளியலறை முடிந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை நானும் அதற்குமேல் யோசித்ததில்லை. என் மனைவி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இது மாதிரி வேண்டும் என்று சொல்லும்வரை.

ஏதோ குளிர் நாட்டின் கிராமத்து வீடு. சொரசொரப்பான சுவர், பாலிஷ் இல்லாத கல்தரை, சின்ன ஜன்னலில் வெள்ளைத் திரை, மாடத்தில் ஒரு கூஜா நிறையக் காட்டுப்பூ. ஓரத்தில் தடித்த பலகைக் கதவு ஒன்று சாத்தியிருந்தது. அவள் அந்தக் கதவைத்தான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடது கையில் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து, சுவரோரமாகப் பத்தடி நடப்பாள். குளிப்பாட்டுவதும் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் நான்தான். முப்பது வருடம் நர்ஸாக இருந்து எத்தனையோ பேரைத் துடைத்துவிட்டவள், என் கை பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வரும். யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியாது.

சென்னையில் இருக்கும் மகன், வெள்ளை டைல்ஸ் ஒட்டி ஸ்டீல் கம்பி மாட்டிவிடலாம், பணம் அனுப்புகிறேன் என்றான். "ஆஸ்பத்திரியவே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துருவீக போல" என்று அவள் கைபேசியை என்னிடம் தந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு இது வேண்டும் என்று கேட்டது மிகக் குறைவு. கேட்டதைச் செய்துவிட்டால் கால் நடந்துவிடும் என்பதுபோல நான் கிளம்பினேன்.

சிவகாசிக்காரனுக்கு எதற்கும் முதலில் தோன்றுவது அச்சடிப்பதுதான். நான் வேலை பார்ப்பது காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில், டிசைன் பிரிவில். மரப்பலகை வரிகளைப் பெரிதாகப் போட்டு, பளபளப்பில்லாத தாளில் அச்சடித்து, லேமினேஷன் செய்து, சுவரில் ஒரு பாகத்துக்கு ஒட்டிக் காட்டினேன். நான் என்ன காலண்டருக்குள்ளேயா குளிக்க வேண்டும் என்றாள். அவள் சொன்னதற்கு ஏற்றாற்போல இரண்டே நாளில் ஈரம் ஏறி, ஓரமெல்லாம் சுருண்டு, பலகை கழன்று தொங்கியது.

பிறகு கொத்தனார் வந்தார். சுண்ணாம்புக் கலவையைச் சொரசொரப்பாக விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கை தானாகத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் கூலி வாங்கிக்கொண்டு பாதியில் ஓடிப்போனவன் என்று ஊர் சொல்லும் என்று வருத்தப்பட்டார். ஒரு சுவரை அவருக்காக விட்டுக்கொடுத்து மற்ற மூன்றையும் நான் காப்பாற்றினேன். தரைக்குப் பாலிஷ் போடாத கடப்பாக்கல். திரைக்கு என் பழைய வேட்டி. டிரம்மை என்ன செய்தாலும் அகற்ற முடியாது, வாரம் ஒருமுறை வரும் தண்ணீரை வேறெங்கே பிடித்துவைப்பது? சணல் சாக்கை வெட்டி அதற்கு ஒரு சட்டை தைத்து மாட்டினேன். அவள் கட்டிலில் இருந்தபடி, டிரம்முக்கு அளவு சரியாக இருக்கிறதா, அக்குள் பிடிக்கிறதா என்று கேட்டாள். படுத்த பிறகு அன்றுதான் அவள் சிரித்துக்கொண்டே கேலி பேசினாள்.

கதவுக்கும் கைப்பிடிக்கும் ஓர் ஆசாரியைப் பிடித்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம். வாழ்நாளெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளின் ஷெட்டுகளுக்குக் கதவு செய்தவர். இடித்த வீட்டின் கூரையிலிருந்து வாங்கிய பனங்கையை, பனைமரச் சட்டத்தை, இழைத்து, சிராய் ஒன்றுகூட இல்லாமல் உப்புத்தாள் போட்டு, சுவர் நெடுகக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். கதவு படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. பழைய தேக்குப் பலகைகள், குறுக்கே இரண்டு சட்டம், பித்தளைக் கீல். மாட்டி முடித்ததும் திறந்து பார்த்தேன். வெளிப்பக்கமாகத் திறந்தது. உள்பக்கம் வெறும் பலகை. தாழ்ப்பாளே இல்லை.

ஷெட்டுக் கதவு அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே பட்டாசு மருந்தோடு உட்கார்ந்திருப்பவர் ஓடிவந்து முட்டினால் வெளியே திறந்துகொள்ள வேண்டும், எதுவும் தடுக்கக் கூடாது. ஆசாரியின் கை குளியலறைக்கும் அதையே செய்துவிட்டது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அவள் உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் சரியாகத் தூங்கியே பல மாதமாகியிருந்தது. இந்தப் பிழையைக் கடவுளே பார்த்துச் செய்ததாக எடுத்துக்கொண்டேன்.

அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய அன்று காலையில், ஆனைக்குட்டம் சாலையில் வண்டியை நிறுத்தி ஆவாரம்பூ பறித்துவந்து செம்பில் வைத்திருந்தேன். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கைப்பிடியை இடது கையால் நீவினாள். தரையில் வெறுங்காலை வைத்து, வழுக்கவில்லை என்றாள். முகம் மலர்ந்திருந்தது. பிறகு உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். பலகையின்மேல் கை தடவுகிற சத்தம் மேலும் கீழுமாகக் கேட்டது.

"தாப்பா எங்க?"

ஆசாரி மறந்துவிட்டார் என்றேன்.

"அவரு மறந்தாரு. நீங்க மறக்கலையே."

விழுந்துவிட்டால் யார் தூக்குவது, இந்த வீட்டில் நம் இருவரைத் தவிர யார் இருக்கிறார்கள், யார் உள்ளே வந்துவிடப் போகிறார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் கதவைத் திறந்து, கைப்பிடியில் சாய்ந்து நின்றபடி நிதானமாகச் சொன்னாள்.

"வேற யாரும் வர மாட்டாக. உங்களுக்குத்தான் தாப்பா கேக்கேன். துடைச்சு விடுறவுகளப் படுத்துக்கெடக்கறவுக எப்படி வெறுப்பாப் பாப்பாகன்னு முப்பது வருசம் பாத்தவ நான். உங்கள நான் அப்படிப் பாத்துரக் கூடாதுங்க."

இத்தனை நாளும் அவள் கண்ணை மூடிக்கொண்டது வெட்கத்தினால் என்று நினைத்திருந்தேன்.

ஆசாரியைத் திரும்ப அழைத்தேன். வந்தார், கதவைப் பார்த்தார், நான் நீட்டிய பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கவில்லை. "உள்ள தாப்பா வச்ச கதவால ஒருக்கா என்ன ஆச்சுன்னு பாத்துட்டேன் அண்ணாச்சி. அதுக்கப்புறம் நான் போடுறதில்ல, என்னைய விட்டுருங்க" என்றார். எங்கே, எப்போது என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அதைக் கேட்பது வழக்கமில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதனால் நானே மாட்டினேன். அவள் முக்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் எட்டும் உயரத்தில், சற்றுக் கோணலாக. இங்கே ஒரு திருட்டுத்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். திருகாணிகளை அரை அங்குலத்தில் வாங்கினேன். வெளியிலிருந்து ஓங்கி ஓர் இழு இழுத்தால் தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு கையோடு வந்துவிட வேண்டும். வெளியே திறக்கும் கதவு, இழுப்பதும் எளிது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருக்க, தாழ்ப்பாளைப் பிடித்து இரண்டு முறை ஆட்டினாள். ஊசி குத்துமுன் நரம்பைத் தேடுகிற விரல்கள் அவை. ஒரு திருகாணி கழன்று கல்தரையில் விழுந்தது. அவள் மெதுவாகக் குனிந்து, வலது கையால் கைப்பிடியைப் பற்ற முடியாமல், தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அதை எடுத்தாள். நான் தூக்கிவிடப் போனபோது தலையை அசைத்து வேண்டாம் என்றாள். உள்ளங்கையில் அந்தத் திருகாணியை வைத்து என்னிடம் நீட்டினாள்.

கடைக்குப் போய் ஒன்றரை அங்குலத் திருகாணி வாங்கிவந்தேன். தேக்கு லேசில் விடாது. உள்ளங்கை கன்றிச் சிவக்கும்வரை முறுக்கினேன். கடைசித் திருகாணி ஏறியபோது, இனி யார் இழுத்தாலும் இந்தக் கதவு வராது, நான் இழுத்தாலும் வராது என்று தெரிந்தது. அதைச் செய்ததும் நான்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மாற்றுத்துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் ஒரே தடவையில் விழவில்லை. தடவி, தவறி, மறுபடி தடவி, பிறகு விழுந்தது.

"வாசல்ல நிக்காதீக. போய்ப் பேப்பர் படிங்க" என்றாள் உள்ளேயிருந்து.

சரி என்றேன். முன்னறைவரை செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். அங்கே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்தேன். கப்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வந்தது. ஊற்றும் சத்தம். பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. கையைப் பலகையில் வைத்தேன், தட்டவில்லை. தட்டக்கூடாது.

"போயிட்டீகளா?"

"போயிட்டேன்" என்றேன், கதவோடு கதவாக நின்றுகொண்டு.

உள்ளே மறுபடியும் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.