ஒரே ஒயரில் எப்படி?

அப்பாவுக்கு இன்டர்நெட்டின் மேல் இருபத்து மூன்று வருடமாகச் சந்தேகம். வடக்கே, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வாசலில் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தே ஆளை வெளியே விட்ட காவலர் தங்கராஜ் அவர். சந்தேகப்பட்டால் லேசில் விடமாட்டார்.

இன்டர்நெட் மேல் சந்தேகம் வரக் காரணம் அவர் மகள் சுப்ரஜா, அதாவது நான். அது டயல்-அப் காலம். நெட்டில் உட்கார்ந்தால் வீட்டு போன் எங்கேஜ்டு. ஒரு சாயங்காலம் கல்லூரி விவரம் தேடுகிறேன் என்று இரண்டு மணி நேரம் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பாளையங்கோட்டையில் பெரியம்மாவுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. சேவியர் பெரியப்பா விடாமல் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். தம்பி வேண்டுமென்றே ரிசீவரை எடுத்து வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். அதோடு பேச்சு நின்றது. அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் பிராட்பேண்ட் வந்தது. நெட் ஓடும்போதே போனும் அடிக்கும் என்றார் லைன்மேன். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே ஒயர்ல ரெண்டுமா? யாரை ஏமாத்துதான்?" என்று எங்களிடம் முணுமுணுத்தார். போன வருடம் அந்த ஒயரையும் மாற்றி, ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, போனையும் அதிலேயே சொருகிவிட்டுப் போனார்கள். சந்தேகம் இரட்டிப்பானது.

போன வாரம் பெரியப்பா மகள் ப்ரீதி அப்பாவை மொபைலில் கூப்பிட்டாள். "சித்தப்பா, ஞாயித்துக்கிழமை அப்பா பேசுதேன்னுட்டாவ. மொபைல் வேண்டாமாம். மனப்பாடமா இருக்க பழைய நம்பருக்குத்தான் அடிப்பாவளாம்."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து அப்பா போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மணி அடிக்கவில்லை. கராடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் ஒன்றரைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"பிளக்கை யாருப்பா பிடுங்குனா?"

"நான்தான். உங்கம்மா நெட்டுல பாட்டு கேட்டா லைன் எங்கேஜ்டு ஆயிரும்லா."

"இந்தப் பெட்டி வழியாத்தான்பா போனே வருது!"

நம்பாமல் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். டோன் இல்லை.

பிளக்கைச் சொருகினேன். விளக்குகள் எரிந்ததும் அப்பாவே டயல் செய்தார். பெரியப்பா எடுத்த எடுப்பில் கத்தியது எனக்கே கேட்டது.

"காலையில இருந்து ஆறு மட்டம் அடிச்சிட்டேன். இன்னைக்கும் எடுத்து வச்சிட்டியால?"

அப்பா பெட்டி, பிளக் என்று ஒவ்வொன்றாக விளக்கினார்.

"நெட்டுக்கும் போனுக்கும் ஒரே ஒயரா? யாருகிட்டல கத விடுத?"

"சத்தியமா எனக்கும் நம்பிக்கையில்லண்ணே!"

லைன் போய்விட்டதோ என்று நான் பெட்டியைப் பார்த்தேன். பிறகு பெரியப்பா கேட்டார்.

"சாப்டியால?"