பட்டையை விட்டு நழுவிய படம்

என் மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கைகளை அச்சடித்துக் கொடுப்பவள். கம்ப்யூட்டர் திரையின் அடியில் சின்னச் சின்னப் படங்களோடு ஒரு பட்டை இருக்கும். அதில் மூன்றாவது படத்தைத் தட்டினால் அறிக்கைகள் திறக்கும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் சர்க்கரை பார்க்கப் போன அன்று, கைதவறி அந்தப் படத்தை வெளியே இழுத்துவிட்டாள். படம் மாயமாகிவிட்டது. எதிரே ஒரு பெண், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் தன் கணவரின் அறிக்கைக்காக நிற்கிறாள்.

"அய்யோ அத்தை, எல்லார் ரிப்போர்ட்டையும் அழிச்சிட்டேன்!"

"படம்தானே போச்சு? பதறாதடி," என்றேன்.

கூடத்தை நடத்தும் அம்மா வந்தாள். திரையில் தேடும் கட்டத்தில் ஏதோ புரோகிராம் பெயரை அடித்தாள். அறிக்கைகள் அத்தனையும் வந்து நின்றன.

"பட்டையில இருக்கிறது வெறும் கதவும்மா. சாமான் எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு."

"கதவே போயிடுச்சே, நீங்க எப்படி உள்ளே போனீங்க?" என்று நான் விடவில்லை.

"அதுக்கு வேற வழி இருக்கு பெரியம்மா. புரோகிராம் பேரைத் தேடினாலும் அதே இடத்துக்குத்தான் போகும்."

அறிக்கையை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் ஓடினாள். மருமகள் மட்டும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இத்தனை நாளா நான் எதைத்தான் திறந்தேன் அத்தை?"

"அந்தம்மாகிட்டயே கேளுடி. எனக்கு உன்னைவிடக் குழப்பம்," என்றேன்.