பாலாற்றில் ரோஜா நிறம்

மழைக்குப் பிறகு பாலாற்றில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆம்பூர்ப் பாலத்துக்குக் கீழே, மஞ்சள் மூக்கோடு இடுப்புயரப் பறவை ஒன்று நின்றது. வெள்ளை உடம்பு, வால்பக்கச் சிறகில் மட்டும் பளிச்சென்று ரோஜா நிறம். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

ஷூ கம்பெனியில் தோல்களை நிறம் பார்த்துப் பிரிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுப் பறவைகளைப் பதிவு செய்யும் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கூட வந்தது, என் லைனிலேயே வேலை பார்க்கும் அக்கா.

"இன்னாக்கா அநியாயம் இது! எவனோ சாயத் தண்ணிய ஆத்துல வுட்டுட்டான். ரெக்கையெல்லாம் கறை பாருக்கா!" என்று கத்தினேன். தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த எங்கள் ஊரில் வேறென்ன தோன்றும்? போனில் படமெடுத்து, 'சாயம் பட்ட கொக்கு' என்று குழுவுக்கு அனுப்பியும்விட்டேன்.

அதற்குள் இன்னொன்று வந்து இறங்கியது. அதற்கும் சிறகில் அதே இடத்தில் அதே ரோஜா. பின்னாலேயே மூன்றாவது. அக்காவிடமிருந்து பைனாகுலரைப் பிடுங்கி மாறி மாறிப் பார்த்தேன். ஒரே டிரம்மில் சாயம் ஏற்றிய இரண்டு தோல்கூட ஒரே மாதிரி வராது. தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். இங்கே மூன்றும் அச்சு அசலாக ஒரே ஷேட்!

"அக்கா, இது சாயமே இல்லக்கா! அதோட சொந்தக் கலரு!"

இருவரும் குதித்த குதியில் மூன்றும் பறந்துபோயின. அக்கா போனில் தேடிப் பெயரைக் கண்டுபிடித்தார்: மஞ்சள் மூக்கு நாரை.

மறுநாள் கம்பெனியில் ரோஜா நிறத் தோல் ஒரு கட்டு வந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அந்த நாரைச் சிறகின் ஷேடுக்கு ஒன்றும் தேறவில்லை.