பாலைப்பழம் முடிந்த பிறகு

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அதைச் சொன்னவர் எங்கள் ஜிம்மியைக் கண்டிருக்க மாட்டார். ஜிம்மிக்கு வேலை இருந்தது. விடிந்ததும் எங்களைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் அந்த வேலை. முன்னால் நாய், பின்னால் வாளியோடு அம்மா, அம்மாவுக்குப் பின்னால் காலில் முள் குத்திவிட்டதென்று பொய் சொல்லிக்கொண்டு நான், கடைசியில் காட்டுக்கத்தியோடு மாமா. பார்ப்பவர்கள், நாங்கள்தான் நாயைக் கூட்டிப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்ட காலம் அது. எனக்கு ஒன்பது வயது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் இறங்கிக் குளக்கட்டோடு உள்ளே போனால் எங்கள் காணி. வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் மேலேயே தகரக் கொட்டில் போட்டுக்கொண்டோம். அப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டவர். ஆகவே வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அண்ணா இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் அதை அப்படித்தான் சொல்வோம், சந்தைக்குப் போனவனைப் பற்றிச் சொல்வதுபோல.

ஊரை விட்டு ஓடிய அன்று, பட்டியில் நின்ற மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று ஜிம்மியோடு காட்டுப் பக்கம் போனவன் அண்ணா. செல் குண்டுகள் கிட்டக் கிட்ட விழத் தொடங்கியதும் எங்களை உழவு இயந்திரப் பெட்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அம்மா பெட்டியிலிருந்து குதிக்கப் பார்த்ததும், மாமா அவரை இடுப்போடு கட்டிப் பிடித்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு நாங்கள் எங்கெங்கோ போனோம். அண்ணாவும் வரவில்லை, நாயும் வரவில்லை.

கொட்டில் போட்டுக் கொஞ்ச நாளில், மத்தியான வெயிலில், காட்டுப் பக்கமிருந்து ஒரு எலும்புக்கூடு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. அம்மா சோற்றுக் கோப்பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அதைக் கட்டிப் பிடித்தார். பக்கத்துக் காணி ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்து, “நாய்க்கே வழி தெரிஞ்சிருக்கு, பெடியனுக்குத் தெரியாமல் போகுமோ பிள்ளை” என்றார். ஆறுதலுக்கென்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையை இன்னொருவர் எவ்வளவு தூரம் சுமந்து திரிவார் என்று சொன்னவருக்குத் தெரியாது.

பாலைப்பழக் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் காடே மஞ்சளாய்ப் பழுத்துக் கிடக்கும். பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கும். ஊரெல்லாம் வாளியோடு போனது, நாங்களும் போனோம். மற்றவர்கள் பழம் கிடந்த மரத்தடியில் நின்றார்கள். அம்மா நாய் போன பக்கம் போனார். ஆவணியில் பழம் முடிந்தது. ஊர் நின்றுவிட்டது. நாங்கள் நிற்கவில்லை. புரட்டாதி வெயிலில், சருகு காலடியில் நொறுங்க, வெறும் வாளியைக் கொண்டுபோய் வெறும் வாளியைக் கொண்டுவந்தோம். எங்கேயாவது பிந்திப் பழுத்த மரம் நிற்கும் என்று அம்மா சொல்வார். அம்மாவுக்குப் பாலைப்பழத்தில் இவ்வளவு ஆசையா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பழைய வண்டில் பாதையெல்லாம் பற்றை மூடிக் கிடந்தது. தேன் எடுப்பவர்கள் மரத்தில் கோடரிக் கொத்து வைத்திருந்தார்கள். விறகுக்காரர் பொலித்தீன் நாடா கட்டியிருந்தார்கள். வன இலாகாக்காரர் தங்கள் எல்லைக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். எல்லாரும் காட்டில் வழி எழுதியிருந்தார்கள், ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க முடியாது. மாமா தன் பங்குக்குப் பச்சைக் குழை முறித்து, நுனி வீட்டைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சந்தியிலும் போட்டுக்கொண்டு வருவார். “காட்டுக்குள்ள போறதுக்குக் கால் போதும், திரும்பி வாறதுக்குத்தான் புத்தி வேணும், மருமோள்” என்பார். மாமாவின் வாய் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ ஒன்பது வீதி மாதிரி, நிற்காமல் போகும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மிதிவெடி எடுப்பவர்கள் நட்ட கம்புகள். அவற்றின் நுனியில் பூசியிருந்த வெள்ளைப் பக்கம் வெடி எடுத்துத் துப்புரவாக்கியது, சிவப்புப் பக்கம் ஆபத்து. பள்ளிக்கூடத்தில் அதைப் பாட்டாகவே சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒரு நாள் ஜிம்மி திடீரென்று நின்று மூக்கைத் தூக்கியது. பிறகு யாருடைய அடையாளமும் இல்லாத ஒரு ஒற்றையடித் தடத்தில் பாய்ந்தது. அம்மா வாளியோடு ஓடினார். நாங்கள் எட்டிப் பிடித்தபோது அம்மாவின் காலடியில் ஒரு கம்பு கிடந்தது. கறையான் அரித்து அடியோடு விழுந்திருந்தது. சிவப்பு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வேலிப் படலையிலிருந்து கொட்டில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், இடிந்து மண் மூடிய ஒரு பதுங்கு குழி. அதன் மேல் நின்று ஜிம்மி குரைத்துக் குரைத்து இரண்டு முன்னங்காலாலும் மண்ணைக் கிளறியது.

“அக்கா, கம்பு விழுந்து கிடக்கு. தாண்டாதேங்கோ” என்றார் மாமா.

“நாய் போனதெல்லோ.”

“நாயின்ர பாரம் வேற, எங்கட பாரம் வேற. நில்லுங்கோ அக்கா. பிள்ளை நிக்கிறாள்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைக்குப் போகிறவர் எதையாவது மறந்துவிட்டேனா என்று வீட்டைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு கம்பைத் தாண்டி, நாயின் கால் பதிந்த இடத்தில் தன் காலை வைத்து வைத்து நடந்தார். மாமா என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய கை வேர்த்து வழிந்தது. நான் அம்மா ஒற்றைக் காலில் தாண்டுவதைப் பார்த்து, கெந்தித் தொட்டு விளையாடுகிற மாதிரி இருக்கிறதென்று நினைத்தேன்.

அம்மா குழியடியில் முழந்தாளிட்டார். வாளியால் மண்ணை அள்ளினார். வாளி உக்கிப்போன மரக்குற்றியில் இடிபட்டதும் அதை எறிந்துவிட்டுக் கையால் கிண்டினார். நாயும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் கிண்டினார்கள். அப்போது அம்மா அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெலத்துக் கத்தி இல்லை. நித்திரையில் இருப்பவனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரல்.

காட்டுக்குள் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. கூ என்றுதான் குரல் கொடுக்க வேண்டும். பெயரைக் காடு கேட்டால் பிறகு அது கூப்பிடத் தொடங்கிவிடுமாம். அந்த முறையை எனக்குச் சொல்லித் தந்ததே அம்மாதான். அதை அவரே இப்படி உடைக்கிறாரே என்று நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்திருந்தார்.

மண் சரிந்தது. குழிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு உடும்பு சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

ஜிம்மி ஒரே எட்டில் அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டது. மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலத்தில் குந்திவிட்டார். நான் கை தட்டினேன். உடும்புக் கறி தின்று எவ்வளவு காலம். அம்மா மட்டும் தோண்டிய குழியை எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கையை விட்டுத் துழாவி, அடியில் வெறும் மண்தான் என்று கண்ட பிறகு எழும்பினார். சேலையில் கையைத் துடைத்தார். போன அடியிலேயே அடி வைத்துத் திரும்பி வந்தார்.

நாய் உடும்பைக் கிழிக்கவில்லை. கழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவின் காலை மூக்கால் மணந்து பார்த்தது, விலகியது. என் காலை மணந்தது. மாமா கையை நீட்டினார், “தாடா ராசா” என்றார். அது உறுமியது. எங்கள் மூன்று பேரையும் சுற்றிப் போய், நாங்கள் வந்த தடத்தில் கொஞ்சத் தூரம் நடந்து, பற்றைக்குள் எட்டிப் பார்த்து, திரும்பி வந்தது. வாயில் உடும்பு தொங்கியது. பிடித்ததைத் தன் காலடியில் கொண்டுவந்து போடுவதற்கு அண்ணா அதைக் குட்டியிலேயே பழக்கியிருந்தான். வேறு யாருக்கும் அது கொடுக்காது.

மாமா ஒரு தடியை எடுத்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

“விடு தம்பி. அது எங்களுக்கெண்டு பிடிச்சதில்லை.”

அம்மா நாயின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “எனக்கு வழி காட்டுதெண்டு நினைச்சு இவ்வளவு நாளும் பின்னால நடந்தன். இதுவும் தேடித்தான் திரிஞ்சிருக்கு.”

உடும்பைத்தான் தேடித் திரிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். அதில் கவலைப்பட என்ன இருக்கிறது, கிடைத்துவிட்டதே.

திரும்பி வரும்போது அம்மா முன்னால் நடந்தார், ஜிம்மி பின்னால் வந்தது. மாமா போட்டு வைத்த குழைகள் வெயிலில் வாடிச் சுருண்டிருந்தன, ஆனாலும் நுனி தெரிந்தது. குளக்கட்டு ஏறுகிற இடத்தில் நாய் வாயைத் திறந்து உடும்பைக் கீழே விட்டது. அது கொஞ்ச நேரம் செத்ததுபோல் கிடந்துவிட்டுப் பற்றைக்குள் ஓடிப்போனது. ஒருவரும் அதைத் துரத்தவில்லை. கறி போயிற்றே என்று வீடு வரைக்கும் நான் அழுதுகொண்டு வந்தேன். அன்று அழுதது நான் மட்டும்தான்.

மறுநாள் விடிய ஜிம்மி வழக்கம்போல் படலையடியில் போய் நின்றது. நான் செருப்பைத் தேடினேன். அம்மா கிணற்றடியில் அந்த வாளியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது.

“இண்டைக்குக் காட்டுக்குப் போறேல்லையோ அம்மா?”

“இல்லை மோனை. இனிப் போறேல்லை. நீ விளையாடு.”

எனக்கு நம்ப முடியவில்லை. இனி நடக்க வேண்டாம், முள் இல்லை, வெயில் இல்லை. செருப்பை ஆகாயத்தில் எறிந்து பிடித்தேன். ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு போய் குளத்து அலைகரையில் பொழுதுபடும் வரை விளையாடினேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இப்படி ஒரு நல்ல நாள் எங்களுக்கு வாய்த்ததில்லை என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.