கடைசி வீடு வரைக்கும் போன எஸ்றா

“கடைசி வீட்டுக் கடைசி மனுஷனைப் போய்ப் பார்க்காமல் என் கால் பாளையங்கோட்டைக்குத் திரும்பாது.”

இப்படி ஒரு வாக்கியம் சும்மா பிறந்துவிடாது. அதற்கு ஒலிபெருக்கி வேண்டும், பொன்னாடை வேண்டும், எதிரே நூற்றைம்பது பேர் எப்போது கேக் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டும். மூன்றும் கூடிவந்த ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமையில், பாளையங்கோட்டைச் சபை மண்டபம் ஒன்றில், எஸ்றா அப்பாத்துரை என்னும் இருபத்தேழு வயது இளைஞர் இதைத் திருவாய் மலர்ந்தருளினார். மறுநாள் அவர் வெளிநாடு புறப்படுகிறார். இளைஞர்களே நடத்தும் சமுதாய முன்னேற்ற அமைப்பு ஒன்றில் பன்னிரண்டு வாரத் தொண்டு.

‘வெளிநாடு’ என்பது அவருடைய தாயார் இன்பமணியம்மாள் தெருவுக்குக் கொடுத்த செய்தி. எந்த நாடு என்பதை அந்த அம்மாள் அடக்கத்தின் காரணமாக வெளியிடவில்லை. பக்கத்து வீட்டுச் சாலோமி விடாமல் கேட்டபோது, “இமயமலை இருக்குல்லா, அதுக்கும் அங்கிட்டு” என்று வடமேற்காகக் கையைக் காட்டினார்.

“நேபாளம்” என்றார், உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தகப்பனார் அப்பாத்துரை. “பாஸ்போர்ட்டே வேண்டாமாம். வோட்டர் ஐடி போதுமாம்லா. திருச்செந்தூர்ல லாட்ஜ் எடுக்கதுக்கும் அதைத்தான் கேக்கான்.”

அப்பாத்துரை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய அறிக்கையை இருபதாம் தேதியே எழுதி முடித்துவிடுவார். “எப்படியும் நடக்கத்தானே போகுது, எழுதி வச்சா என்ன” என்பது அவர் கொள்கை. நடக்காமல் போன மாதங்களும் உண்டு. அறிக்கை மாறியதில்லை. மகனுக்கு அவர் வைத்துவிட்டுப் போகப்போகிற பெரிய சொத்து இதுதான். மகனோ அவர் உயிரோடு இருக்கும்போதே அதை அனுபவிக்கத் தொடங்கிவிட்டார்.

எஸ்றாவின் தொண்டு வாழ்க்கை அதற்கு முன்பே புகழ் பெற்றிருந்தது. சீவலப்பேரியில் ஆற்றைச் சுத்தம் செய்ய முப்பது பேரை அழைத்துப் போனார். இருபத்தெட்டுப் பேர் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆற்றிலிருந்து எடுத்தது அரைச் சாக்குக் குப்பை. கரையில் விட்டுவிட்டு வந்தது முப்பது பிரியாணிப் பொட்டலத்தின் உறை. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடிவிட அங்கிருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு மலையிறங்கி வந்தபோது, அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தோடு அவர்களை எதிர்கொண்டார். “வீட்டைக் காலி செய்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?” என்ற ஏழாம் கேள்வியை லாரிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டதற்கு அவள், “தம்பி, இந்தக் கட்டிலை அந்தப் பக்கமாப் பிடிங்க” என்றாளாம். படிவத்தில் அந்தப் பதிலுக்கு இடமில்லாததால் எஸ்றா அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்துவிட்டார்.

பொன்னாடை போர்த்திய அன்று சாயங்காலம் வீட்டு கேட்டருகே ஓர் ஆள் வந்து நின்றார். மான் பகதூர். அந்தத் தெருவுக்குப் பதினோரு வருஷமாக இரவுக் காவல். விசிலும் கம்பும் டார்ச்சுமாகச் சுற்றி வருவார். மாதப் பிறப்பில் வீட்டுக்கு முப்பது ரூபாய் வாங்கிப் போவார். பதினோரு வருஷத்தில் நெல்லைத் தமிழ் அவர் நாக்கில் நன்றாகப் படிந்திருந்தது.

“தம்பி எங்க மலைக்கா போறீங்க? அம்மா சொன்னாக.”

எஸ்றா போனை நீட்டினார். அமைப்பு அனுப்பியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மான் பகதூரின் முகம் கலங்கிச் சிரித்தது.

“இது கீழூரு. இங்கயிருந்து நேர மேல ஏறணும். எங்களுக்கு நாலு மணி நேரம், ஒங்களுக்கு ஆறு. மேலூர்ல கடைசி வீடு எங்க வீடு. அதுக்கு மேல மேகந்தான்.”

சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். மகள் சம்ஜனா பத்தாம் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருகிறதாம், தலை வலிக்கிறதாம். கண் முகாமில் பார்த்து எழுதித் தந்த சீட்டைப் படமெடுத்து அப்பனுக்கு அனுப்பியிருந்தாள். அங்கே கண்ணாடிக் கடைக்கு ஒரு பகல் பஸ் பயணம்; கூட்டிப் போக ஆளில்லை. மான் பகதூர் இங்கேயே கடையில் சீட்டைக் காட்டிச் செய்து வாங்கிவிட்டார். கூரியர்க்காரன் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சிரித்தானாம்.

“மார்ச் கடைசியில பெரிய பரீட்சை. அதுக்கு முன்னாடி போய்ச் சேந்தா போதும் தம்பி. நான் ஊருக்குப் போக இன்னும் ஒரு வருஷம் ஆகும்.”

எஸ்றா சிலிர்த்துப்போனார். காலையில் பேசிய பேச்சுக்கு உதாரணம் ஒன்று சாயங்காலம் தானாக நடந்து வந்து கேட்டருகே நிற்கிறது. இதைக் கர்த்தருடைய வழிநடத்துதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் வாங்கினார். மான் பகதூரின் தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். “பகதூர், இது போய்ச் சேந்துட்டுன்னே நெனச்சுக்கிடும் வே” என்றார்.

அப்பாத்துரை செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தார். “எழுதி வச்சிட்டியா லே?”

மான் பகதூர் மூன்று நாள் ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் போகிற தூரத்தை எஸ்றா தூத்துக்குடியில் விமானம் ஏறிக் கடந்தார். பெட்டியில் இட்லிப்பொடி, பூண்டு ஊறுகாய், முறுக்கு, இரண்டு ஸ்வெட்டர், முழங்கால் வலிக்குத் தைலம். ஓரத்தில் அந்தக் கண்ணாடிக் கூடு.

அமைப்பின் கொள்கை, இளைஞர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்பது. எஸ்றா அதை வெகு சீக்கிரத்தில் புரிந்துகொண்டார். இளைஞர்கள் நடத்த வேண்டும், எஸ்றா இளைஞர், ஆகவே எஸ்றா நடத்த வேண்டும். ஆனால் கீழூரில் அந்த இடத்தில் ஏற்கெனவே பிமலா என்றொரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது. அவர் போய் இறங்கியபோது தோளில் குழாய்ச் சுருளைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலே இருக்கும் ஊற்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் வேலை. தொண்டர்களும் ஊராரும் சேர்ந்து பள்ளம் தோண்ட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும்.

மண்வெட்டியைப் பார்த்த எஸ்றாவுக்குப் பாளையங்கோட்டை ரத்தம் கொதித்தது. சங்கம் இல்லாமல், நிர்வாகிகள் இல்லாமல், ஆரம்ப ஜெபமும் வரவேற்புரையும் நன்றியுரையும் இல்லாமல் ஒரு காரியம் எப்படி நடக்கும்? அவர் ஊரில் நான்கு பேர் சேர்ந்து டீ குடிக்கப் போனால்கூட ஒருவர் செயலாளர். ஆகவே முதல் மூன்று வாரத்தில் கீழூர் இளைஞர் குடிநீர் ஐக்கிய சங்கத்தை நிறுவினார். கௌரவத் தலைவர், தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் எல்லோரையும் நியமித்து முடித்தபோது உறுப்பினராக இருக்க ஊரில் ஆளில்லை.

எல்லோரும் நிர்வாகி என்றால் தோண்டுவது யார் என்று பிமலா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்கு ஓர் உபகுழு அமைக்கலாம் என்றார் எஸ்றா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவள் தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நிர்வாகிகளும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். சங்கத்தில் எஸ்றா மட்டும் மீந்தார். தீர்மானங்கள் அதன் பிறகுதான் ஏகமனதாக நிறைவேறத் தொடங்கின.

நான்காம் தீர்மானம் இது: “மேலூர் கடைசி வீட்டுக்குக் கண்ணாடியைக் கொண்டு சேர்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டது.” எழுதிக் கையொப்பமிட்டதும் எஸ்றாவுக்குப் பாதி மலை ஏறியது போல மூச்சு வாங்கியது.

மீதிப் பாதிக்கு ஆறாவது வாரம் ஒரு சனிக்கிழமை கிளம்பினார். நாற்பது நிமிஷம் ஏறினார். அங்கே ஒரு டீக்கடை இருந்தது. மலையில் டீக்கடையை வைத்தவன் மேல்தான் குற்றம். நூடுல்ஸ் சாப்பிட்டார். முழங்காலுக்குத் தைலம் தடவினார். மேலே பார்த்தார். பாதை இன்னும் ஏறிக்கொண்டே போயிற்று. அதன் முடிவில் ஒரு புள்ளி போல ஏதோ தெரிந்தது. அது வீடாகவும் இருக்கலாம், ஆடாகவும் இருக்கலாம். டீக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை வீடு; வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். எஸ்றா கிழவியின் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்தார். எப்படியும் அடுத்த வாரம் போகத்தானே போகிறோம்.

அன்று மாலையே சபையின் வாட்ஸப் குழுவில் படம் ஏறியது. ‘கடைசி வீட்டில்’ என்று கீழே எழுதியிருந்தது. எழுபத்திரண்டு பேர் கை கூப்பினார்கள்.

பாளையங்கோட்டையில் இன்பமணியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் மான் பகதூரைக் கேட்டுக்குக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார்.

“பாரு, ஒன் வீட்டுல எம் மவன் உக்காந்திருக்கான். இது ஒங்க அம்மையா?”

மான் பகதூர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

“எங்க வீட்டுக்குக் கல்லுக் கூரைம்மா. இது தகரமால்லா இருக்கு.”

“மாத்தியிருப்பாக.”

“அம்மை செத்து ஆறு வருஷமாச்சு.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி வழியில எடுத்திருப்பாரு. பைய போவாரு. ஏத்தம் சாஸ்தி.”

அப்பாத்துரை அன்றைக்குச் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அது யாருடைய கையெழுத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பத்தாவது வாரம் பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பிமலாவும் ஊராரும் சேறு காயாத கையோடு நின்றார்கள். எஸ்றாவின் கை மட்டும் சுத்தமாக இருந்ததால் குழாயைத் திறக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். அந்தப் படத்துக்கு நூற்றுப் பதினோரு கும்பிடு. ‘கன்மலையிலிருந்து தண்ணீர் புறப்படச் செய்த தம்பி’ என்று சாலோமி எழுதியிருந்தாள்.

அதற்கு மறுநாள் பிமலா வந்து நின்றாள். நாளைக்கு மேலூருக்குக் கணக்கெடுக்கப் போகிறேன், கடைசி வீடு வரைக்கும், யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள்.

கண்ணாடிக் கூடு எஸ்றாவின் தலைமாட்டிலேயே இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்தால் என்ன ஆகும்? பிமலா எல்லாவற்றையும் படம் எடுத்து அமைப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுகிறவள். கல்லுக் கூரை வீடு, கண்ணாடி போட்ட சம்ஜனா, தேதி எல்லாம் ஏறும். அமைப்பின் பக்கத்தைச் சபையில் பாதிப்பேர் பின்தொடர்கிறார்கள். ஒருவர் ஒரே கடைசி வீட்டுக்கு எத்தனை தடவை முதன்முதலாகப் போக முடியும்?

“ஒன்றுமில்லை” என்றார் எஸ்றா.

அவள் விடிவதற்குள் ஏறிப் போய்விட்டாள். பன்னிரண்டாம் வாரம் எஸ்றா இறங்கி வந்துவிட்டார். இட்லிப்பொடி தீர்ந்திருந்தது.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒலிபெருக்கி, மறுபடியும் பொன்னாடை. பதினான்கு பக்க ஊழிய அறிக்கையை எஸ்றா வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் மலையேறிய அத்தியாயம் வந்தபோது முன்வரிசையில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பாத்துரை பின்வரிசையில் இருந்தபடி பெருமூச்சு விட்டார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டருகே விசில் இல்லாமல், கம்பு இல்லாமல், தலைவாரிக்கொண்டு மான் பகதூர் வந்து நின்றார். ராத்திரி வேலை பார்த்தவர் தூங்காமல் வந்திருந்தார்.

“ஏ எஸ்றா, பகதூரு வந்திருக்கான். ஒன்னத்தான் கேக்குதான்” என்றார் இன்பமணியம்மாள்.

எஸ்றா முன்னறையில் பெட்டியைத் திறந்துவைத்து ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். ஏற்றம் இல்லை. சிமெண்டு போட்ட தரை. நடுவில் டீக்கடை எதுவும் இல்லை.

வெளியே மான் பகதூர் இன்பமணியம்மாளிடம் பேசுவது நன்றாகக் கேட்டது.

“வெள்ளிக்கிழமை பரீட்சை தொடங்கிட்டும்மா. கேள்வித்தாள்ல எழுத்து ஊருதாம். பாதி எழுதியிருக்கா. இன்னும் அஞ்சு பரீட்சை இருக்கு. தம்பி மேல குத்தம் சொல்ல வரல. ஏற முடியாம யாருகிட்டயாச்சும் குடுத்துவிட்டிருப்பாரு. எந்த வீட்டுலன்னு சொன்னா போதும், பிள்ளையை இன்னைக்கே போய் வாங்கிக்கிடச் சொல்லிருவேன்.”

எஸ்றா பெட்டியின் ஓரத்தில் கைவிட்டுக் கூட்டை எடுத்தார். திறந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு முறைகூடத் துணியால் துடைக்க வேண்டியிருக்கவில்லை. மூடினார். இருந்த இடத்திலேயே வைத்து அதன்மேல் ஸ்வெட்டரை வைத்தார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல், வீட்டின் பின்பக்கம் நடந்தார்.

“எஸ்றா, சீக்கிரம் வாலே. மனுஷன் நிக்கான்லா.”

“இருக்கட்டும்மா. தம்பி பைய வரட்டும்” என்றது கேட்டருகிலிருந்து மான் பகதூரின் குரல். “நான் நிக்கேன்.”

எஸ்றா குளியலறைக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் நன்றாக வந்தது. வாளி நிறைந்து தரையில் வழிந்தது. அவர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார், குழாயை அடைக்கவில்லை.