சீற் இறக்கிய சைக்கிள்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்தும் கை வரவில்லை. கோயில் அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

என் மகன் காய்ச்சலில் போன பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, அவன் உருவமும் வரவில்லை. விளக்கேற்றிக் கண்ணை மூடினால் வெறும் இருட்டுத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், அவன் ஒவ்வொரு சாமானாக வாங்கிப் பூட்டிய ரேஸ் சைக்கிளை, ஓடக்கூடிய ஒருவருக்குக் கொடுக்க நினைத்தோம். துணுக்காயிலிருந்து சைக்கிள் போட்டிகளில் ஓடுகிற ஒருவர் வந்தார். சைக்கிளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கரியரும் மட்காட்டும் இல்லாமல் மொட்டையாக் கிடக்கு, என்ன தம்பி?” என்றேன்.

“இல்லையம்மா, நல்ல வடிவு. சீற் உயரம், ஹாண்டில் கிட்ட. ஒரு ஆளின்ர உடம்புக்கெண்டே பூட்டினது. எல்லாரும் ஓடுற சைக்கிளுக்கு இந்த வடிவு வராது. மகனுக்குக் கால் நீளம், கை கட்டை, என்ன?”

ஓம். அவனுடைய சேட்டுக் கைகளை மடித்துத் தைத்தது நான்தான். அந்த வெறும் சீற்றின்மேல் என் பிள்ளை குனிந்து இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் தயங்கினார். “நான் ஓடுறதெண்டால் சீற்றை இறக்க வேணும். இந்த வடிவு போயிடும். நீங்களே வைச்சிருங்கோவன், அம்மா.”



“இறக்குங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன்.

இதை யாருக்காவது சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். சைக்கிளைக் கொடுத்தபோது தாய் அழுதாள் என்று சேர்க்க வேண்டாம். நான் அழவில்லை. பிள்ளையைக் கண்டேன், அவ்வளவுதான்.